நச்சுத் தவளையின் காட்டைக் கொழும்பில் கட்டுவது எப்படி

நீலமும் மஞ்சளும் செக்கச்சிவப்புமாக மினுங்கும் அமெரிக்க மழைக்காட்டு நச்சுத் தவளைகளை வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது அவற்றின் நஞ்சைப் பற்றித்தான். கொழும்பில் முதலில் கேட்க வேண்டியது வெப்பத்தைப் பற்றி. இந்தத் தவளைகளில் பெரும்பாலானவை மர நிழலில், ஈரச் சருகுக்கு நடுவே, பகலில் 22 முதல் 26 பாகை செல்சியசும் இரவில் அதைவிட இரண்டு மூன்று பாகை குறைவாகவும் உள்ள இடத்தில்தான் நன்றாக இருக்கும். 28ஐத் தாண்டினால் சோர்வு தொடங்கும். 30 பாகைக்கு மேல் சில மணி நேரம் இருந்தாலே சாகக்கூடும். நம் ஊரில் விசிறி மட்டும் ஓடும் அறை சித்திரை மாத வெயிலில் பகல் முழுக்க 31, 32 என்று நிற்கும்.

ஆகவே இங்கே சொல்லப்படும் வேலைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் காட்டைக் கட்ட வேண்டும். பிறகு அந்தக் காட்டைத் தவளை இல்லாமலே ஓடவிட்டு வெப்பத்தை அளந்து பார்க்க வேண்டும். தவளையைப் பற்றி யோசிப்பது அதற்குப் பிறகு. பெரும்பாலான கொழும்பு வீடுகள் இரண்டாம் கட்டத்திலேயே நின்றுவிடும். அதில் குறை ஒன்றுமில்லை. செடியும் பாசியும் சருகுக்குள் ஓடும் சிற்றுயிர்களுமாக ஒழுங்காக அமைந்த பெட்டி தனியாகவே நிற்கத் தகுந்தது. பாடசாலைக் கண்காட்சிக்கும் அது போதும்.

நஞ்சு எங்கிருந்து வருகிறது

இந்தத் தவளைகளின் டென்ட்ரோபேட்டிடே குடும்பத்தில் ஏறத்தாழ 200 இனங்கள் உண்டு. எல்லாமே மத்திய, தென் அமெரிக்காவுக்கு உரியவை. மிகக் கொடியது கொலம்பியாவின் பசிபிக் கரையோரக் காட்டில் வாழும் ஃபில்லோபேட்டஸ் டெரிபிலிஸ். உடல் முழுக்க மஞ்சளாக இருக்கும் இந்தத் தவளை 1978இல்தான் அறிவியலில் விவரிக்கப்பட்டது. அதன் தோலில் உள்ள பத்ரகோடொக்சின், நரம்பிலும் தசையிலும் இருக்கும் சோடியம் வாயில்களை மூடவிடாமல் திறந்தபடியே வைத்துவிடும். இதயம் தாளம் தப்பி நின்றுபோகும். அந்தப் பகுதியின் எம்பெரா மக்கள் ஊதுகுழல் அம்புகளில் தேய்த்தது ஃபில்லோபேட்டஸ் பேரினத்தின் மூன்று இனங்களின் நஞ்சை மட்டுமே. படங்களில் நாம் அதிகம் பார்க்கும் நீலத் தவளைக்கும், சிவப்பு உடலும் நீலக் காலுமான சிறு தவளைக்கும் அம்போடு எந்தத் தொடர்பும் இல்லை.

இந்த நஞ்சைத் தவளை தன் உடலில் புதிதாக உண்டாக்குவதில்லை. காட்டுத் தரையின் எறும்பு, சிற்றுண்ணி, சிறு வண்டு போன்றவற்றைத் தின்று, அவற்றிலுள்ள அல்கலோயிட்டு எனும் நச்சுப் பொருள்களைத் தோலில் சேர்த்துக்கொள்கிறது. பெட்டியில் பிறந்து பழ ஈயைத் தின்று வளர்ந்த தவளையின் தோலில் நஞ்சு இருக்காது. காட்டில் பிடித்ததோ நஞ்சை ஆண்டுக்கணக்கில் விடாமல் வைத்திருக்கும். இதிலிருந்து ஒரு நடைமுறைப் பாடம்: ‘அசல் விஷமுள்ள தவளை’ என்று யாராவது விலை சொன்னால், அது காட்டிலிருந்து பிடுங்கி வந்தது என்று அவரே ஒப்புக்கொள்கிறார். வாங்கக் கூடாது.

வெப்பம்

இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகள் பெரும்பாலும் குளிர்நாட்டவர் எழுதியவை. அவர்கள் பெட்டிக்கு அடியில் சூடேற்றி வைக்கிறார்கள். நமக்கு வேண்டியது எதிர்த்திசை.

முதலில் எல்லோரும் முயல்வது கணினிக்குள் இருக்கும் 12 வோல்ட் சிறு விசிறியைப் பெட்டியின் வலையருகே பொருத்தி, ஈரத்தை ஆவியாக்கிக் குளிர்விப்பது. வறண்ட நாட்டில் இது நன்றாக வேலை செய்யும். கொழும்புக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கிறது. 31 பாகையும் 75 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றில் என்னதான் விசிறினாலும் ஆவியாதலால் எட்டக்கூடிய கடைசி எல்லை ஏறத்தாழ 27 பாகை. நடைமுறையில் அந்த எல்லை வரை போகவும் முடியாது. ஒன்று அல்லது இரண்டு பாகை இறங்கினாலே அதிகம். கூடவே பெட்டிக்குள் இருக்கும் ஈரமும் வெளியே போய்விடும். சிறு விசிறியைக் காற்றோட்டத்துக்காகப் பொருத்துங்கள். குளிரூட்டும் என்று நம்ப வேண்டாம்.

உண்மையில் பயன் தருவது ஏசி உள்ள அறை. ஆனால் இரவில் மட்டும் ஏசி போடும் படுக்கையறை உதவாது. பகல் பத்து மணிக்குப் பிறகு அந்த அறையும் மற்ற அறைகள் போலவே சூடேறும். 24 மணி நேரமும் 24, 25 பாகையில் ஓடும் அறை இருந்தால் மட்டுமே தவளையைப் பற்றிப் பேசலாம். அதற்கு மாதாமாதம் வரும் மின்கட்டணத்தை முதலிலேயே கணக்கிட்டுப் பாருங்கள். ஏசிக் காற்று நேராகப் பெட்டியில் அடிக்கக் கூடாது. வலைவழியே ஈரத்தை உறிஞ்சிவிடும்.

பெட்டியை வைக்கும் இடத்திலேயே இரண்டு பாகையைச் சேமிக்கலாம். தொடர்மாடியின் கடைசித் தளத்தில் கொங்கிரீட் கூரை பகல் முழுக்கச் சூட்டை வாங்கி நள்ளிரவு வரை கக்கும். மேற்குச் சுவரும் அப்படித்தான்; வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் கடலைப் பார்த்த அறைகளில் பின்னேர வெயில் நேராக விழும். வீட்டின் உட்சுவர் ஒன்றை ஒட்டி, தரையிலிருந்து இரண்டு அடிக்கு மேல் போகாத தாங்கியில் வையுங்கள். சூடான காற்று மேலே நிற்பதால் அலுமாரியின் மேல்தட்டு மிக மோசமான இடம். யன்னல் வெயில் கண்ணாடியில் சில நிமிடம் பட்டாலே உள்ளே சூடு பொறியில் அகப்பட்டதுபோல் ஏறும்.

விளக்கு 15 முதல் 20 வொட் எல்ஈடி, 6500 கெல்வின் வெண்மை. கண்ணாடிக்கு மேல் ஐந்து சென்ரிமீற்றர் இடைவெளி விட்டுத் தொங்கவிட வேண்டும். மூடியோடு ஒட்டிக் கிடந்தால் அதன் சூடு முழுக்க உள்ளே இறங்கும். காலை ஆறு முதல் மாலை ஆறு வரை டைமரில் விடுங்கள்.

மின்வெட்டுக்கு முன்னேற்பாடு இல்லாமல் தொடங்க வேண்டாம். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளில் 13 மணி நேரம் மின்சாரம் இல்லாமல் இருந்த ஊர் இது. மீன் ஏற்றும் தடித்த ரெஜிபோம் பெட்டி ஒன்று, குளிர்சாதனப் பெட்டியின் உறைதட்டில் எப்போதும் நாலு அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல்கள். வேண்டியது இவ்வளவுதான். அறை 28ஐத் தொட்டதும் தவளையைச் சிறிய பிளாஸ்டிக் டப்பாவில் ஈரப்பாசியோடு வைத்து, டப்பாவை ரெஜிபோம் பெட்டிக்குள் இறக்கி, துவாயில் சுற்றிய ஒரு போத்தலை மறுமூலையில் வைக்க வேண்டும். துவாய் இல்லாமல் வைத்தால் அந்தப் பக்கம் 15 பாகைக்குக் கீழே போய்விடும். அதுவும் தவளைக்கு ஆபத்து. வெப்பமானியின் உணரி டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கட்டும்.

தொட்டியும் அடித்தளமும்

இரண்டடி நீளத் தொட்டி ஒன்றைக் கணக்காக எடுத்துக்கொள்வோம்: 60 சென்ரிமீற்றர் நீளம், 45 அகலம், 45 உயரம், 6 மில்லிமீற்றர்க் கண்ணாடி. டென்ட்ரோபேட்டஸ் டிங்டோரியஸ் போன்ற நாலைந்து சென்ரிமீற்றர் தரைத் தவளை இரண்டுக்கு இந்த அளவு சரி. மீன்தொட்டி செய்பவரிடம் சொன்னால் செய்து தருவார். பின்பக்கக் கண்ணாடியில், அடியிலிருந்து மூன்று சென்ரிமீற்றர் உயரத்தில் வடிகால் துளை ஒன்று போட்டுத் தரும்படி முதலிலேயே கேளுங்கள். ஒட்டிய பிறகு துளைத்தால் கண்ணாடி வெடிக்கக்கூடும். துளை வேண்டாம் என்றால், ஒரு மூலையில் விரல் தடிப்பு பீவீசி குழாயை அடிவரை நிறுத்தி, அதன் வழியாக உறிஞ்சி எடுக்கலாம். குழாய்க்கு மூடி அவசியம்.

சிலிக்கன் வாங்கும்போது ‘பூஞ்சணம் பிடிக்காது’ என்று போட்டிருக்கும் குளியலறை வகையைத் தவிருங்கள். பூஞ்சணத்தைக் கொல்லும் மருந்து அதில் கலந்திருக்கும். தவளை தண்ணீரைக் குடிப்பதே தோல் வழியாக என்பதால் அது நேரே உடலுக்குள் போகும். மீன்தொட்டிக்கான சாதாரண சிலிக்கனை ஒட்டி, வினாகிரி மணம் முழுக்கப் போகும் வரை ஒரு வாரம் காயவிடுங்கள்.

மூடியில் பெரும்பகுதி கண்ணாடி. முன்பக்கமாக ஐந்து சென்ரிமீற்றர் அகலத்தில் நீள வலைப்பட்டி ஒன்று. சாதாரண நுளம்பு வலையின் கண்ணுக்குள்ளால் சிறு பழ ஈ நுழைந்து வெளியே வந்துவிடும். புறக்கோட்டைத் துணிக்கடைகளில் கிடைக்கும் ஓர்கன்சாத் துணியை இரண்டாகச் சேர்த்து ஒட்டினால் ஈயும் போகாது, நுளம்பும் வராது. காலையில் முன்கண்ணாடியில் படியும் ஆவி பத்து மணிக்குள் பாதியாவது தெளிய வேண்டும். நாள் முழுக்க மங்கலாகவே இருந்தால் வலை போதவில்லை; செடி அழுகும். ஒரு மணி நேரத்திலேயே தெளிந்தால் வலையில் பாதியை மூடுங்கள்.

அடியில் ஐந்து சென்ரிமீற்றர் உயரத்துக்கு வடிகால் அடுக்கு. செடிக்கடைகளில் விற்கும் சுட்ட களிமண் உருண்டை இலேசானது. இந்தத் தொட்டிக்கு 13, 14 லீற்றர் வேண்டும். அவ்வளவுக்குப் பணம் இல்லையென்றால் உடைந்த பூச்சாடித் துண்டு போதும். கட்டிடத்தில் கழித்த செங்கல், ஓடு வேண்டாம். ஒட்டியிருக்கும் சீமெந்துச் சுண்ணாம்பு தண்ணீரைக் காரமாக்கும். அடுக்குக்கு மேல் நுளம்பு வலையைத் தொட்டியின் விளிம்பு வரை மடித்து விரியுங்கள். ஓரத்தில் இடைவெளி விட்டால் மண் கீழே இறங்கி, மூன்று மாதத்தில் அடியில் சேறு நாறும்.

மண் என்று சொன்னாலும் இதில் தோட்டத்து மண் ஒரு பிடியும் கிடையாது. தோட்ட மண் நீரைப் பிடித்துக் கெட்டியாகி, காற்றில்லாமல் புளித்துப்போகும். நமக்கு நல்ல மாற்று நம் ஊர்த் தென்னையிலேயே இருக்கிறது. ஆறு சென்ரிமீற்றர் தடிப்புக்கு மொத்தம் 16 லீற்றர் கலவை வேண்டும். தேங்காய் உரிமட்டையை ஒரு சென்ரிமீற்றர்த் துண்டாக வெட்டியது 6 லீற்றர், சிரட்டைக் கரி நொறுக்கியது 4 லீற்றர், தும்புத் தூள் 2 லீற்றர், ஓர்கிட் வளர்ப்பவர்கள் வாங்கும் ஸ்பக்னம் பாசியை நறுக்கியது 2 லீற்றர், நொறுங்கிய காய்ந்த இலை 2 லீற்றர். மரப்பன்னத் தண்டை வெட்டிப் போடச் சொல்லும் பழைய குறிப்புகளைக் கைவிடுங்கள். மலைநாட்டுக் காட்டில் ஆண்டுக்கணக்காக வளர்ந்த ஒன்றை நம் பெட்டிக்காக வெட்ட வேண்டியதில்லை. உரிமட்டை அதே வேலையைச் செய்கிறது.

உரிமட்டையிலும் தும்பிலும் உள்ள சிக்கல் உப்பு. கரையோரத்தில் உவர்நீரில் ஊறவைத்த மட்டையில் உப்பு ஏறியிருக்கும். வாளியில் இரவு முழுக்க ஊறவைத்துப் பிழிந்து தண்ணீரை ஊற்றிவிடுங்கள். இதை மூன்று தடவையாவது செய்ய வேண்டும். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் பேனாக் கருவி மீன் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். ஊற்றிய தண்ணீரில் கருவி காட்டும் எண்ணும் பிழிந்து வரும் தண்ணீரில் காட்டும் எண்ணும் கிட்டத்தட்ட ஒன்றாகும் வரை கழுவலைத் தொடருங்கள். கரியையும் சாம்பல் போகக் கழுவுங்கள். இறைச்சி சுட விற்கும் அச்சுக் கரியில் ஒட்டுப்பசை கலந்திருக்கும், அது ஆகாது.

தண்ணீர்

குழாய்த் தண்ணீரில் குளோரின் உண்டு. வாயகன்ற வாளியில் ஒரு நாள் திறந்து வைத்தால் பெரும்பகுதி போய்விடும்; அவசரமென்றால் மீன் கடைகளில் விற்கும் குளோரின் நீக்கித் துளி போடலாம். ஆனால் குழாய்த் தண்ணீரைத் தெளித்துவந்தால் கண்ணாடியில் வெள்ளைப் புள்ளி படியும், அன்னாசிக் குடும்பச் செடியான ப்ரோமிலியட்டின் இலைக் குழியில் உப்பு சேரும். மழைத் தண்ணீர்தான் சிறந்தது. கூரையில் பட்ட தண்ணீர் வேண்டாம். அஸ்பெஸ்டஸ், காகத்தின் எச்சம், வாகனப் புகைக்கரி எல்லாம் அதில் கலக்கும். நல்ல மழை தொடங்கி அரைமணி கழித்து, திறந்த வெளியில் கழுவிய பேசினை வைத்துப் பிடித்து, மூடியுள்ள கலனில் வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி மழையில் பிடித்தது சில மாதம் ஓடும்.

ஏசி அறையில் ஒரு நாளைக்கு மூன்று தடவை, கைத்தெளிப்பானால் அரை நிமிடம். ஈரப்பதம் 80 சதவீதத்துக்குக் கீழே போகாமல் இருந்தால் போதும். எப்போதும் நூறு வேண்டும் என்று தெளித்துக்கொண்டே இருப்பவர்களின் பெட்டியில்தான் வடிகால் நிரம்பி மண் மூழ்கும். வடிகால் தண்ணீர் வலைக்கு இரண்டு சென்ரிமீற்றர் கீழே நிற்கட்டும். ஏறினால் உறிஞ்சி எடுங்கள். இந்தத் தவளைகளுக்கு நீச்சல் சரியாக வராது. ஒரு சென்ரிமீற்றர் ஆழமுள்ள தட்டு போதும், குளம் வேண்டாம்.

செடியும் சருகும்

நியோரெஜீலியா வகைச் சிறு ப்ரோமிலியட் இரண்டு மூன்று முக்கியம். அமெரிக்கக் காட்டில் சில இனத் தாய்த்தவளைகள் இதன் இலைக் குழியில் நிற்கும் தண்ணீரில்தான் வாற்பேத்தையை விட்டு, கருவுறாத முட்டையைப் போட்டு ஊட்டி வளர்க்கின்றன. இதை மண்ணில் நடக் கூடாது. அடி அழுகி இரண்டு வாரத்தில் இலை கையோடு வந்துவிடும். வேர்க்கட்டையிலோ பின்சுவரிலோ மீன்பிடி நரம்பால் கட்டிவிடுங்கள். மண்ணில் பெப்பரோமியா, ஃபிட்டோனியா, சிறிய பிகோனியா. பின்சுவரில் ஏறக் கொடி அத்தி. மணி பிளான்ட் வேண்டாம், ஆறு மாதத்தில் பெட்டியையே விழுங்கிவிடும். மதிலில் வளரும் பாசியைச் சுரண்டி வந்து வைப்பவர்கள் ஒரு மாதத்தில் அது பழுப்பாவதைப் பார்ப்பார்கள். மீன் கடையில் விற்கும் ஜாவா பாசியை ஈரக்கட்டையில் மெல்லிதாகப் பரப்பினால் தண்ணீருக்கு வெளியிலும் பிடித்து வளரும்.

செடிக்கடைச் செடியில் பூச்சிமருந்து இருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மண்ணை முழுக்கக் கழுவி, ஒரு பங்கு ப்ளீச்சுக்கு 19 பங்கு தண்ணீர் என்ற கலவையில் ஐந்து நிமிடம் அமிழ்த்தி, நன்றாக அலசுங்கள். நத்தை முட்டையும் மேற்பரப்புப் பூச்சியும் பெரும்பாலும் போய்விடும். வேர்வழி உள்ளே ஏறிய மருந்து எந்தக் கழுவலுக்கும் போகாது. அதற்கு ஒரே வழி, செடியைத் தனியாக இரண்டு மாதம் வளர்த்து, புது இலை வந்த பிறகு பழைய இலையை வெட்டிவிட்டு நடுவது.

மேலே மூன்று நாலு சென்ரிமீற்றர் சருகு. கொட்டம்பா, பலா, மா, கொய்யா இலைகள் நல்லவை. கொட்டம்பா தடிப்பாக இருந்து மெதுவாக உக்கும். காலி வீதியோர மரத்தடியில் பொறுக்காமல், மருந்து அடிக்காத வீட்டுத் தோட்டத்திலிருந்து எடுங்கள். பத்து நிமிடம் அவித்து, வடித்து, வெயிலில் காயவைத்துப் போட வேண்டும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மேலே புதுச்சருகு சேர்த்தால் போதும். அடியில் உக்கியதைக் கிளற வேண்டாம்.

சிற்றுயிர்களும் தீனியும்

சருகுக்குள் வெள்ளைப் பொடிபோலத் துள்ளும் ஸ்பிரிங்டெயில் பூச்சிகளும், சிறிய மரப்பேன்களும்தான் பெட்டியைச் சுத்தமாக வைத்திருப்பவை. பூஞ்சணத்தை, எச்சத்தை, அழுகிய இலையை அவை தின்றுவிடும். பூச்சாடியின் அடியைத் தூக்கிப் பார்த்தாலே ஸ்பிரிங்டெயில் கிடைக்கும். இரண்டு லீற்றர் ஐஸ்கிறீம் டப்பாவில் கழுவிய சிரட்டைக் கரியைப் பாதி நிரப்பி, ஒரு சென்ரிமீற்றர் தண்ணீர் விட்டு, பூச்சிகளைத் தட்டிவிட்டு, வாரம் ஐந்தாறு பச்சரிசி மட்டும் போடுங்கள். கூடப் போட்டால் பச்சைப் பூஞ்சணமும் சிற்றுண்ணியும்தான் பெருகும். ஒரு மாதத்தில் தண்ணீரை ஊற்றினால் பூச்சிகள் மிதக்கும். அப்படியே பெட்டிக்குள் சரித்துவிடலாம். செடி நட்டு ஒரு வாரத்தில் விடுங்கள். முதல் மாதம் கட்டையெல்லாம் வெள்ளைப் பூஞ்சணம் படர்ந்து பயமுறுத்தும். துடைக்க வேண்டாம், பூச்சிகள் பெருகியதும் மறையும்.

தவளைக்கு முக்கியத் தீனி பறக்காத பழ ஈ. சிறகு குன்றிய வகையை மரபியல் பாடத்துக்காக ஆய்வுகூடங்களில் வளர்ப்பார்கள். கொழும்பில் இதற்கும் ஒரு பொறி உண்டு: 29, 30 பாகையில் வளரும் குன்றுசிறகு ஈக்களின் சிறகு நீளத் தொடங்கும், ஆண் ஈக்கள் மலடாகும். ஆகவே ஈப் போத்தலும் அதே குளிர் அறையில்தான் இருக்க வேண்டும். கனிந்த கதலிப்பழம் இரண்டு, ஓட்ஸ் அரைக் கோப்பை, சீனி ஒரு மேசைக்கரண்டி, வினாகிரி இரண்டு மேசைக்கரண்டி சேர்த்து மசித்து, மேலே ஒரு சிட்டிகை ஈஸ்ட். போத்தலின் வாயில் ஓர்கன்சாத் துணி. 25 பாகையில் முட்டையிலிருந்து ஈ வரப் பத்து நாள். ஒரு போத்தல் மூன்று நாலு வாரம் தரும். வாரம் ஒரு புதுப் போத்தல் தொடங்காவிட்டால் திடீரென்று ஒரு நாள் தீனியே இருக்காது.

வளர்ந்த தவளைக்கு நாளுக்கு 15 முதல் 25 ஈ. ஒவ்வொரு தடவையும் கல்சியமும் விற்றமின் டி3யும் உள்ள தூளில் புரட்டிப் போட வேண்டும். இல்லாவிட்டால் கால் நடுங்கி எலும்பு வளையும். மாதம் இரண்டு தடவை விற்றமின் ஏ சேர்ந்த தூள். அது குறைந்தால் நாக்கில் ஒட்டும் தன்மை போய், ஈயைக் குறிவைத்தும் பிடிக்க முடியாமல் மெலிந்துபோகும். தூள்ப் பேணி நம் ஈரக்காற்றில் சீக்கிரம் கட்டியாகிக் கெடும். திறந்த நாளை மூடியில் எழுதி, குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, ஆறு மாதத்தில் எறிந்துவிடுங்கள்.

நுளம்பு, புகை, எறும்பு

கொழும்பில் டெங்கு பரப்பும் நுளம்பு ப்ரோமிலியட் இலைக் குழியிலும் முட்டையிடும். பெட்டிக்கு உள்ளே உள்ளது வலையால் காப்பாற்றப்படும். இரண்டு மாதம் வெளியே தனியாக வைத்திருக்கும் செடியின் குழியை மூன்று நாளுக்கு ஒரு தடவை கவிழ்த்துக் கொட்டிப் புதுத் தண்ணீர் விட வேண்டும். வடிகால் குழாயின் மூடியைத் திறந்து விட்டுவிடாதீர்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் தாராளமாகத் திறந்து காட்டலாம் என்ற நிலையில் எப்போதும் இருக்கட்டும்.

நுளம்புத்திரி, மின்சாரத்தில் செருகும் நுளம்பு மருந்து, ஸ்ப்ரே மூன்றும் அந்த அறையில் ஒருபோதும் கூடாது. இவற்றிலுள்ள பைரித்ரொயிட் எனும் பூச்சிமருந்து முதலில் ஸ்பிரிங்டெயிலையும் ஈயையும் கொல்லும். தவளையின் தோலும் அதைத் தடுக்காது. வீதியில் புகை அடிக்க வரும் நாளில் யன்னலைச் சாத்தி, ஏசி, சிறு விசிறி இரண்டையும் நிறுத்தி, வலைப்பட்டியைப் பொலித்தீனால் ஒட்டி மூடுங்கள். இரண்டு மூன்று மணி நேரத்துக்குப் பெட்டியிலுள்ள காற்று தவளைக்குப் போதும். புகை அடங்கியதும் அறையை ஒரு மணி நேரம் திறந்து விட்ட பிறகே பொலித்தீனை எடுங்கள். அந்த நேரத்தில் அறை எவ்வளவு சூடேறுகிறது என்பதையும் வெப்பமானியில் பார்த்துக்கொள்ள வேண்டும்; தேவைப்பட்டால் ரெஜிபோம் பெட்டி.

எறும்பு ஒரே இரவில் ஈப் போத்தலையும் ஸ்பிரிங்டெயில் டப்பாவையும் காலிசெய்யும். தட்டில் சவர்க்காரத் தண்ணீர் விட்டு அதன் நடுவே வையுங்கள். வெறும் தண்ணீர் விட்டால் அதுவே நுளம்புக் குளமாகிவிடும்.

ஆறு வாரச் சோதனை

கூடியதையும் குறைந்ததையும் நினைவில் வைக்கும் இலக்க வெப்பமானி ஒன்றின் உணரியைச் சருகின் மட்டத்தில் வையுங்கள், கண்ணாடியில் ஒட்ட வேண்டாம். ஒவ்வொரு நாளும் இரவில் இரண்டு எண்ணையும் எழுதி, கருவியைத் திரும்பப் பூச்சியமாக்குங்கள். ஆறு வாரத்தில் ஒரு பகுதியாவது மார்ச், ஏப்ரல் மாதங்களில் விழ வேண்டும். மார்கழியில் அளந்து திருப்திப்படுவது வீண்.

கூடிய எண் எல்லா நாளும் 26க்குள் நின்றால் பெட்டி தகுதியானது. எப்போதாவது 27 வரை போனால் விளக்கை உயர்த்தி, இடத்தை மாற்றி மறுபடி அளந்து பாருங்கள். ஒரு நாளாவது 28ஐத் தாண்டினால், ஏன் என்று கண்டுபிடித்துச் சரிசெய்து, ஆறு வாரத்தையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டாவது சுற்றிலும் தாண்டினால் அந்த வீட்டில் தவளை வேண்டாம். செடிகளுக்கு 30 பாகை பெரிதல்ல, காடு அழகாகவே இருக்கும். பண்டாரவளை, ஹற்றன் பக்கம் உறவினர் வீடு இருந்தால், இங்கே ஏசியால் செய்வதை அங்கே காற்றே செய்யும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

தவளையைப் பற்றி

இந்தக் குடும்பத்தின் நச்சுத் தவளைகள் 1987 முதல், அருகிவரும் உயிரினங்களின் நாடுகளுக்கிடையிலான வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில் உள்ளன. இலங்கை 1979இல் அந்த உடன்படிக்கையில் சேர்ந்தது. அனுப்பும் நாட்டின் ஏற்றுமதிப் பத்திரமும் இங்கே வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியும் விலங்குத் தடுப்புக்காப்புச் சோதனையும் இல்லாமல் இவற்றைக் கொண்டுவர முடியாது. அந்தப் பத்திரங்களை உங்கள் கையில் தர முடியாதவரிடமிருந்து ஒன்றையும் வாங்காதீர்கள். பயணப்பெட்டியில் டப்பாவுக்குள் வந்த தவளை பெரும்பாலும் வழியிலேயே செத்துவிடும். பிழைத்தால் அதைவிட மோசமான ஒன்றைக் கொண்டுவரலாம்: 1999இல் விவரிக்கப்பட்ட கைட்ரிட் பூஞ்சை. தவளையின் தோலில் பற்றி உடலின் உப்புச் சமநிலையைக் குலைக்கும் இந்த நோய் அமெரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் பல இனங்களை அழித்திருக்கிறது. இந்தத் தீவில் நூற்றுக்கும் மேற்பட்ட தவளை இனங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை உலகில் வேறெங்கும் இல்லை. நம் ஆசைக்காக அவற்றைப் பணயம் வைக்க நமக்கு உரிமை இல்லை.

உள்ளூர்த் தவளையைப் பிடித்து இந்தப் பெட்டியில் போடுவதும் தீர்வல்ல. வனசீவராசிச் சட்டமும் குறுக்கே நிற்கும். மழைக்குப் பிறகு கொழும்புத் தோட்டங்களில் வெளிவரும் செங்கல் நிறக் கோலமிட்ட குண்டுத் தவளையை நச்சுத் தவளை என்று நினைத்துவிட வேண்டாம். தொந்தரவு செய்தால் தோலில் பசைபோல் ஒன்றைக் கசியவிடும், அவ்வளவுதான். உண்மையில் நம் முற்றத்தில் நஞ்சுள்ளது மங்கலான நிறத்துச் சாதாரணத் தேரை. கண்ணுக்குப் பின்னால் உள்ள புடைத்த சுரப்பியில் இதயத்தைத் தாக்கும் நஞ்சு உண்டு. நாய் அதைக் கவ்விவிட்டால் தலையைக் கீழ்நோக்கிச் சாய்த்து, வாயின் பக்கவாட்டில் தண்ணீரை ஓடவிட்டுப் பத்து நிமிடம் கழுவி, மிருக வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும்.

அனுமதியோடு தவளை வந்த பிறகும் நேரே காட்டுக்குள் விடக் கூடாது. ஈரக் கடதாசித் துவாய் விரித்த தனி டப்பாவில், இரண்டு சருகும் தண்ணீர்த் தட்டும் வைத்து, குறைந்தது முப்பது நாள். எச்சத்தையும் தோலில் தடவி எடுத்த பஞ்சையும் மிருக வைத்தியர் மூலம் சோதிக்கக் கொடுங்கள். கையால் தூக்க வேண்டியிருந்தால் தூளில்லாத நைட்ரைல் கையுறையை நனைத்துப் போட்டுக்கொள்ளுங்கள். கையிலுள்ள உப்பும் சவர்க்காரமும் தவளைக்குத்தான் கெடுதல். பெட்டியிலிருந்து எடுக்கும் வடிகால் தண்ணீரை நேராகக் கானுக்குள் ஊற்றாதீர்கள். பத்து லீற்றருக்கு ஒரு கோப்பை ப்ளீச் கலந்து ஒரு மணி நேரம் விட்டு, பிறகு மலசலகூடத்தில் ஊற்றுங்கள். கழித்த மண்ணையும் சருகையும் அதே கலவையில் நனைத்து, பையில் கட்டிக் குப்பையோடு அனுப்புங்கள். தோட்டத்தில் கொட்ட வேண்டாம், பூச்சாடியிலும் வேண்டாம்.